அலைவடிவ பிளகின்: இரண்டாம் பதிப்பு வரை

இரண்டாம் பதிப்பு வெளியே போய்விட்டது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இறக்கிக்கொள்ளலாம், மக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பிளகின் என்றால் இசை மென்பொருளுக்குள் திறந்து பாவிக்கிற சின்ன மென்பொருள், என்னுடையது செய்வது ஒரே ஒரு வேலைதான். அலையின் ஒரு சுற்றைத் திரையில் நீங்கள் வரைகிறீர்கள், கீபோர்டை அழுத்தினால் அது சுரமாகக் கேட்கிறது, பிடித்திருந்தால் வேவ்டேபிளாக, அதாவது இப்படியான ஒரு சுற்று அலைகளின் வரிசையாகச் சேமித்து வேறு சின்தசைசரிலும் போட்டுக்கொள்ளலாம்.

வேவ்டேபிள் புதுச் சங்கதி இல்லை. ஜெர்மனியில் வூல்ஃப்காங் பாம் 1970களின் கடைசியிலேயே தன் நிறுவனமான பிபிஜியின் சின்தசைசர்களில் தொடங்கிவைத்த வேலை அது. 2014இல் வந்த சீரம் என்ற பிளகின் அதை வீட்டில் இருந்து பாட்டுச் செய்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமாக்கியது, 2020இல் வந்த வைட்டல் என்ற இன்னொரு பிளகின் மூலநிரலையும் திறந்தே கொடுத்தது. இவ்வளவும் இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்கிறார்கள். திருகோணமலையில் எனக்குத் தெரிந்து இசை செய்கிற பெடியள் பலர் பாவிப்பது நாலு ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப், அதில் பெரிய சின்தசைசர் ஒன்றைத் திறந்து அதன் மேல் நாலு ட்ராக் போட்டால் சத்தம் வெட்டி வெட்டித்தான் வரும். சின்னதாக, வரைவதற்கு மட்டும் ஒன்று வேண்டும் என்று அவர்கள்தான் கேட்டார்கள். எனக்கும் அலை வரைவது என்றால் சாப்பாடு வேண்டாம், அதனால் சரி என்று இறங்கிவிட்டேன்.

வரைவது சுகம். புள்ளிகளை வைத்து இழுத்தால் நடுவே வளைகோடு தானாக வரும், அந்தக் கோட்டை 2048 சாம்பிளாக, அதாவது அளவுப் புள்ளிகளாக வெட்டி வரிசையில் போட்டால் ஒரு ஃபிரேம், அதாவது வேவ்டேபிளில் ஒரு அலை தயார். கரைச்சல் எல்லாம் அதை வாசிக்கும்போதுதான். கூர்மையான மூலை உள்ள அலை ஒன்றை வரைந்து மேல் ஸ்தாயியில் வாசித்துப் பாருங்கள், பின்னால் யாரோ பிழையான சுரத்தில் விசிலடிப்பது மாதிரி ஒரு சத்தம் கூடவே வரும், நீங்கள் மேலே போகப் போக அது கீழே இறங்கும். செக்கனுக்கு 44,100 சாம்பிள் ஓடும் ப்ரொஜெக்ட்டில் 22,050 ஹேர்ட்ஸுக்கு மேலே எதற்கும் இடமில்லை, அந்த எல்லையைத் தாண்டப் பார்க்கும் ஹார்மோனிக் (சுரத்தின் மீடிறனைப் போல 1, 2, 3 என்று முழு மடங்கில் வரும் ஒலிக்கூறு) எல்லாம் மடிந்து கீழே வந்து, வாசிக்கிற சுரத்தோடு எந்த உறவும் இல்லாத மீடிறனில் விழும். 440 ஹேர்ட்ஸ் சுரத்துக்கு 50 ஹார்மோனிக் வரை இடமுண்டு, ஒரு ஸ்தாயி மேலே 880இல் 25தான், 3520க்கு வந்துவிட்டால் வெறும் ஆறு. ஆகவே ஒரே அலையை எல்லாச் சுரத்துக்கும் பாவிக்க முடியாது. ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கில் அலையை ஹார்மோனிக்குகளாகப் பிரித்து, அந்த ஸ்தாயிக்குக் கூடுதலானவற்றைப் பூச்சியமாக்கி, திரும்ப அலையாக்கி, ஸ்தாயிக்கு ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். என் பிளகினில் ஒரு வேவ்டேபிளுக்கு 64 ஃபிரேம், பத்து ஸ்தாயிக்கும் சேர்த்து 5 எம்பி. 256 ஃபிரேம் வைத்தால் அது 20 எம்பி ஆகிவிடும். பழைய லப்டொப்பில் நாலைந்து ட்ராக்கில் இதைத் திறப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரியது, அதனால் 64இலேயே நிற்கிறேன்.

இப்படி மேல் ஹார்மோனிக்குகளை வெட்டுவதால்தான் முதல் பதிப்பு வெளிவந்ததும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: “அண்ணா, நான் சதுரமாத்தான் வரைஞ்சனான், ஒஸிலொஸ்கோப்பில பாத்தா மூலையில கொம்பு முளைச்சிருக்கு, ஏன்?” அது கிப்ஸ் விளைவு. சதுர அலையை எத்தனை ஹார்மோனிக் கொண்டு கட்டினாலும் பாய்ச்சல் உள்ள இடத்தில் அந்தப் பாய்ச்சலின் உயரத்தில் சுமார் 9 வீதம் மேலே தள்ளித்தான் நிற்கும், ஹார்மோனிக்கைக் கூட்டினால் கொம்பு ஒல்லியாகுமே தவிரக் குட்டையாகாது. இதை ஒவ்வொருவருக்கும் எழுதி விளக்குவதைவிடத் திரையிலேயே காட்டுவது நல்லது என்று தோன்றியது. இப்போது வரைகிற இடத்தில் இரண்டு கோடு இருக்கும்: நீங்கள் வரைந்தது சாம்பல் நிறத்தில், அந்த நேரம் அழுத்தியிருக்கிற சுரத்துக்கு உண்மையில் ஒலிப்பது மஞ்சளில். கீழ்ச் சுரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு போகும். மேலே போகப் போக மஞ்சள் கோடு மூலைகளை விட்டு வளைந்து, கடைசி ஸ்தாயியில் என்ன வரைந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரு சைன் அலையாக நிற்கும். இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொம்பு வேண்டாதவர்களுக்கு லான்சோஸ் முறையில் மேல் ஹார்மோனிக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கிற சுவிட்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன், ஆனால் சத்தத்தின் கூர் குறையும், பேஸுக்கு அது நன்றாக இருக்காது.

இழுக்கும்போதே சத்தம் மாற வேண்டும் என்றும் கேட்டார்கள், நியாயம்தான், கேட்டுக்கொண்டே வரையாவிட்டால் வரைவதில் என்ன இருக்கிறது. ஒரு தடவைக்கு 256 சாம்பிள் கொண்ட பஃபரில் (ஒலித் துண்டில்) ஓடினால் ஒலி த்ரெட்டுக்கு, அதாவது ஒலியைக் கணக்கிடுகிற ஓட்டத்துக்கு, ஒவ்வொரு தடவையும் கிடைப்பது 5.8 மில்லிசெக்கன், அதற்குள் வேலை முடியாவிட்டால் டிக் என்று வெட்டும். அந்த த்ரெட்டில் நினைவகம் ஒதுக்கக் கூடாது, கோப்புத் திறக்கக் கூடாது, இன்னொரு த்ரெட் பூட்டை விடும்வரை காத்து நிற்கவும் கூடாது. ஆகவே பத்து ஸ்தாயிக்குமான கணக்கைப் பின்னால் வேறு த்ரெட் செய்கிறது, முடிந்ததும் அலை இருக்கிற நினைவக இடத்தைக் காட்டும் சுட்டியை மட்டும் ஒரே அடியில் மாற்றிக் கொடுக்கிறது, பழைய அலையில் இருந்து புதியதற்குச் சில மில்லிசெக்கன் கரைந்து போகும். மவுஸை வேகமாக ஆட்டினால் நடுவில் உள்ள சில வடிவங்கள் கணக்குக்கே போகாமல் விடுபடும். காதுக்கு அது தெரிவதில்லை.

இனி நாதஸ்வரம். ஒலிப்பதிவில் இருந்து அலையை எடுத்து ஃபிரேம் ஆக்கும் வசதி இந்தப் பதிப்பில் புதியது, அதைச் சோதிக்க நாதஸ்வரத்தைவிட நல்ல வாத்தியம் கிடைக்காது. கூம்பு வடிவக் குழல், இரட்டை நாக்குள்ள சீவாளி, அதனால் ஒற்றை இரட்டை என்ற பேதமில்லாமல் ஹார்மோனிக் எல்லாம் பலமாக வரும். கோயில் திருவிழாவில் பதிவு செய்தால் தவில் எல்லாவற்றிலும் ஏறிவிடும். அதனால் உப்புவெளியில் உள்ள ஒரு வித்துவானின் வீட்டுப் பின்னறையில், கச்சான் காற்று யன்னலை ஆட்டுகிற காலம் என்பதால் விடியற்காலையில், அவர் ஒவ்வொரு சுரமாக நீட்டி ஊதப் பதிவு செய்தோம். இரண்டரைக் கட்டை. அதாவது சட்ஜம் 311 ஹேர்ட்ஸ் அளவில் வருகிறது, 44,100இல் பதிந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 142 சாம்பிள்தான், அதை 2048 ஆக நீட்ட வேண்டும்.

நீட்டுவது பெரிய வேலையில்லை. ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒட்ட வைப்பதுதான் வேலை. தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று வெட்டி எடுத்து அவற்றுக்கிடையே மெதுவாக நகர்ந்தால், ஃபிரேம்களில் சத்தம் நன்றாக இருக்கும், இரண்டு ஃபிரேமுக்கு இடையில் மட்டும் மெலிந்து உள்ளுக்குப் போய்விடும். ஒவ்வொரு ஃபிரேமும் அலையின் வேறு வேறு இடத்தில் தொடங்குவதால் கலக்கும்போது ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இதற்கு வழி, முதல் ஹார்மோனிக்கின் ஃபேஸை (சுற்றில் அது தொடங்கும் இடத்தை) எல்லா ஃபிரேமிலும் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது. ஐந்தாவது ஹார்மோனிக் என்றால் அதன் ஃபேஸில் இருந்து முதலாவதின் ஃபேஸை ஐந்து மடங்காக்கிக் கழிக்க வேண்டும், பத்தாவது என்றால் பத்து மடங்கு. அலையின் வடிவம் மாறாது, சுற்றித் திருப்பி ஒரே இடத்தில் தொடங்க வைப்பதுதான் நடக்கிறது. அதன் பிறகு நகர்த்திப் பார்த்தபோது சத்தம் எங்கேயும் விழவில்லை, தொடக்கத்தின் கரகரப்பில் இருந்து நடுச் சுரத்தின் நிறைவுக்கு வழுக்கிக்கொண்டு போனது. எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் மிச்ச வேலையைப் பார்த்தேன், அவ்வளவு சந்தோசம்.

வித்துவானிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டவர், “தம்பி, சுரம் நல்லா நிக்குது, ஆனா ஊதுற ஆள் இல்லை” என்றார். சரியாகத்தான் சொன்னார். ஒரு சுற்றை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது சீவாளியில் உரசுகிற காற்று அதில் வராது, கமகமும் வராது. கமகத்தை வாசிப்பவர் பிட்ச் வீலில் கொடுக்கலாம். காற்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இனி ஆதரவு வேலை. பிளகினை எழுதுவதைவிட இதற்குத்தான் நேரம் போகிறது, எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை, ஏனென்றால் இரண்டாம் பதிப்பில் உள்ள நல்லவற்றில் பாதி, கேள்வி கேட்டவர்களால் வந்தவை. பெரும்பாலும் வட்ஸ்அப் குரல் செய்தி. கல்யாண வீட்டு இசைக்குழுவில் கீபோர்ட் வாசிப்பவர், தேவாலயத்தில் வாசிப்பவர், மட்டக்களப்பில் ராப் பாட்டுக்கு பீட் செய்கிற தம்பி, டொரன்டோவில் இரவு வேலை முடிந்து வந்து இதைத் திறக்கிற அண்ணா. “சத்தம் சரியில்லை” என்று வந்தால் நான் கேட்பது ஐந்து விசயம்: எந்த ஹோஸ்ட் (பிளகினைத் திறக்கிற இசை மென்பொருள்), அதன் எந்தப் பதிப்பு, சாம்பிள் ரேட் என்ன, பஃபர் எவ்வளவு, பத்து செக்கன் ஒலிப்பதிவு. கடைசியில் உள்ளது மிக முக்கியம். பதிவைக் கேட்டால் பிரச்சினை மடிந்து விழும் சத்தமா, பஃபர் வெட்டுவதா, அல்லது ஹோஸ்ட்டில் வேறேதும் பிளகின் குறுக்கே நிற்கிறதா என்று பாதி தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி, ஒரே ஒரு ஹோஸ்ட்டில் மட்டும் எழுச்சி நேரம் (சுரம் தொடங்கி முழுச் சத்தத்துக்கு வர எடுக்கும் நேரம்) தாறுமாறாக வருகிறது, தாளத்தோடு சேரவில்லை என்று பதிவு அனுப்பினார். என்னிடம் உள்ள எந்த ஹோஸ்ட்டிலும் அது வரவில்லை. சில ஹோஸ்ட்டுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பஃபரைத் தருவதில்லை, ஒரு தடவை 256, அடுத்த தடவை 37, பிறகு 219 என்று துண்டு துண்டாகத் தரும். அதற்கு அவற்றுக்கு உரிமை உண்டு, விஎஸ்டி3 என்ற பிளகின் வடிவத்தின் விதிப்படி அதிகபட்ச அளவு மட்டும்தான் முன்கூட்டியே சொல்லப்படும். ஆகவே பஃபருக்கு ஒரு தடவை கணக்கிடுகிற எதுவுமே நேரத்தை நம்பி இருக்கக் கூடாது. இப்போது எழுச்சியும் தணிவும் சாம்பிள் சாம்பிளாகக் கணக்காகின்றன. அந்தத் தம்பியின் ப்ரொஜெக்ட்டைச் சோதனைக் கோப்பாகவே வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னர் அதைத் திறந்து பார்ப்பேன். பிளகின்வால் என்ற சோதனைக் கருவியிலும் ஓட்டுவேன், அதன் கடுமை பத்து வரை போகும், ஐந்தைத் தாண்டாத எதையும் வெளியே விடமாட்டேன்.

இன்னொரு விதியும் எனக்கு உண்டு: பழைய ப்ரொஜெக்ட் பழைய சத்தத்திலேயே திறக்க வேண்டும். இரண்டாம் பதிப்பில் சாம்பிள்களுக்கு இடையேயான கணிப்பை நேர்கோட்டில் இருந்து மும்மடி வளைகோட்டுக்கு மாற்றியிருக்கிறேன், கேட்க இன்னும் துப்புரவாக இருக்கும். ஆனால் ஒருவர் போன வருசம் முடித்துக் கொடுத்த பாட்டை ஒரு திருத்தத்துக்காகத் திறந்தால் அவருடைய பேஸ் மாறியிருக்கக் கூடாது. சேமிக்கும் தகவலில் பதிப்பு எண்ணும் சேர்ந்து போகிறது, பழையதைக் கண்டால் பழைய கணிப்பே ஓடும், புதியது வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

தமிழ் இடைமுகம் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். நான் பாவிப்பது பிளகின் கட்டுவதற்கான ஜூஸ் ஃபிரேம்வேர்க். 2024இல் வந்த அதன் எட்டாம் பதிப்பில்தான் எழுத்துக் கோர்ப்பு ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்துக்கு மாறியது, அதனால் இப்போது ‘கொ’, ‘சௌ’ எல்லாம் எந்த இயங்குதளத்திலும் ஒழுங்காகச் சேர்ந்து நிற்கின்றன. மெனு முழுக்கத் தமிழில் வந்துவிட்டது. பொத்தான்களில் மட்டும் இடம் போதவில்லை, சில சொற்களைச் சுருக்க வேண்டியிருக்கிறது, யாருக்காவது நல்ல யோசனை இருந்தால் எழுதுங்கள்.

மக் விசயம் பணம்தான். ஆப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு வருசத்துக்கு 99 டொலர், அது இல்லாமல் அத்தாட்சி கிடைக்காது, அத்தாட்சி இல்லாத பிளகினை மக் சும்மா திறக்க விடாது. இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்கு அந்தக் காசை ரூபாவில் கட்டுவது இலேசில்லை. டொரன்டோ அண்ணா உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். மூலநிரல் முழுவதும் ஏஜிபிஎல் உரிமத்தில் திறந்திருப்பதால், அதில் இருந்து பிளகினைத் தாங்களே கட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் இப்போதே மக்கில் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்த பதிப்பில் கிளாப் என்ற பிளகின் வடிவமும் வரும், பிட்விக், யூ-ஹீ என்ற இரண்டு இசை மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து 2022இல் கொண்டுவந்தது, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்க அதில் வசதி இருப்பதால் கமகத்துக்கு மிகவும் தோதாக இருக்கும். காற்றுச் சத்தத்துக்கான வேலையும் தொடங்கிவிட்டேன்: நாதஸ்வரப் பதிவில் இருந்து ஹார்மோனிக்குகளைக் கழித்து, மிஞ்சுவதைத் தனி அடுக்காக அலையோடு ஓடவிடுவது. இதற்கு இன்னும் நீளமான, இன்னும் அமைதியான பதிவு வேண்டும். அந்தப் பின்னறைக்குத் தகரக் கூரை, வாடை மழை தொடங்கினால் தை மாதம் வரை அங்கே மைக் வைக்க முடியாது, அதனால் புரட்டாசிக்குள் பதிவை முடிக்க வித்துவானிடம் நாள் கேட்டிருக்கிறேன்.