குழிவீட்டில் கழிந்த குளிர்காலம்

கனடாவின் புல்வெளி மாகாணங்களைக் காரில் சுற்றிவரும் நண்பர்கள், எட்மன்டனுக்குக் கிழக்கே 16ஆம் நெடுஞ்சாலையோரம் உள்ள உக்ரைனியப் பண்பாட்டு மரபுக் கிராமத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1892 முதல் 1930 வரை ஆல்பர்ட்டா மாகாணத்தில் குடியேறிய உக்ரைனியர்களின் வீடுகள், தேவாலயங்கள், கடைகள் எனப் பலவற்றை இருந்த இடத்திலிருந்து பெயர்த்துவந்து நிறுவியிருக்கிறார்கள்.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது ‘புர்டே’ என்ற குழிவீடுதான். 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் என்ற அரசின் அறிவிப்பை நம்பிக் கடல்கடந்து வந்த குடும்பங்கள், மரவீடு எழும்பும்வரை, நிலத்தைத் தோண்டி, மேலே கம்புகளைச் சாய்த்துப் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் மூடி, அதற்குள்ளேயே அந்தக் கொடும் பனிக்காலத்தைத் தாண்டினார்கள். குனிந்து உள்ளே சென்றால் நண்பகலிலும் இருட்டு, ஈரமண் வாடை. அக்கால உடையிலிருந்த பெண்மணி, மாடு வாங்கப் பணம் சேர்ப்பதற்காகக் கணவர் ரயில்பாதை வேலைக்குப் போயிருப்பதாக, தம் சொந்தக் கதையைப் போலவே சொன்னார்.

அந்த 160 ஏக்கரும் க்ரீ முதலான முதற்குடிகள் வாழ்ந்த, அவர்களுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இடையே 1876இல் நிலம் குறித்து ஏற்பட்ட ‘ஆறாம் ஒப்பந்தத்துக்கு’ உட்பட்ட மண் என்பதையும் சேர்த்து அறிந்தால்தான் இவ்வரலாறு முழுமை பெறும் என்று கருதுகிறேன்.

கோடையில் செல்லுங்கள், அரைநாளாவது ஒதுக்குங்கள்.