பேட்மேன் காருக்கு முன் அச்சு எதற்கு?

பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிராயிங் போடுவது என் வேலை. அதனாலோ என்னவோ, எந்தப் படத்தில் எந்த வண்டி வந்தாலும் என் கண் முதலில் முன் சக்கரத்துக்குத்தான் போகும். எவ்வளவு ஒடிக்கலாம், மட்கார்டில் உரசுமா, இத்தனை நீளத்தை வைத்துக்கொண்டு சந்தில் எப்படி வளைப்பான்? பேட்மேன் கார்களையும் இந்தக் கண்ணோடுதான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அழகு என்று கேட்டால் 1989 கார்தான். டிம் பர்ட்டன் படத்துக்காக ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்தது. இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில், செவர்லே இம்பாலா சேஸிஸ் மேல் கட்டினார்கள். மூக்கில் ஜெட் விமானத்தின் வாய், அதன் பின்னால் முடிவே இல்லாத பானெட், கடைசியில் இரண்டு இறக்கைகள். கறுப்பு பெயிண்டில் தெருவிளக்கு வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கவே அந்தப் படத்தை மறுபடி போடலாம். ஆனால் இவ்வளவு நீளமான வண்டி ஓடுகிற வேகத்தில் முனை திரும்பாதே? அதற்குப் படமே ஒரு வழி வைத்திருக்கிறது. பக்கவாட்டிலிருந்து ஒரு கொக்கி பாய்ந்து கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, கயிற்றில் கட்டிய பம்பரம் மாதிரி கார் சுழன்று திரும்புகிறது. 1992ல் வந்த அடுத்த படத்தில் அதே காருக்குச் சந்து குறுகலாகிவிடும். இரண்டு பக்க உடம்பையும் கழற்றி எறிந்துவிட்டு நடுத்தண்டு மட்டும் பாய்ந்து போகும். காரின் நீள அகலம் கொடுத்த தொல்லையிலிருந்தே காட்சி பிறந்திருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

1966 டிவி தொடரில் வந்த காரை இந்தக் கணக்கில் சேர்ப்பது சரியில்லை. 1955ல் லிங்கன் கம்பெனிக்காக இத்தாலியில் கையால் செய்த ஃபியூச்சுரா என்ற கண்காட்சிக் கார் அது. கார்களை உருமாற்றித் தரும் ஜார்ஜ் பேரிஸ் அதை ஒரு டாலருக்கு வாங்கி, சில வாரத்தில் பேட்மேன் காராக மாற்றினார். வௌவால் இறக்கை மாதிரியான பின்பக்கம் ஃபியூச்சுராவிலேயே முக்கால்வாசி இருந்தது. அதே கார் 2013 ஏலத்தில் 46 லட்சம் டாலருக்கு மேல் போனது.

1995, 1997 கார்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விலா எலும்புக்குள் நீல விளக்கு, வானத்தைத் தொடும் வால். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது.

பிறகுதான் 2005 படத்தில் டம்ப்ளர் என்ற பேட்மேன் கார் வந்தது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனும் கலை வடிவமைப்பாளர் நேதன் குரோலியும் நோலன் வீட்டு கராஜில் உட்கார்ந்து, பொம்மை கிட்களைப் பிய்த்து ஒட்டி மாடல் செய்திருக்கிறார்கள். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பார்த்த கிறிஸ் கார்போல்டின் குழு அதை ஓடுகிற வண்டியாக்கியது: 5.7 லிட்டர் செவர்லே வி8, சுமார் இரண்டரை டன் எடை, பின்னால் நான்கு ராட்சத டயர்கள். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சு கிடையாது! பின்னாலிருந்து நீளும் கைகள் ஆளுக்கொன்றாகப் பிடித்திருக்கின்றன, நடுவில் வெறும் இடைவெளி. முதல் தடவை பார்த்தபோது படத்தை நிறுத்திவிட்டுப் பேப்பரில் வரைந்து பார்த்தேன். பாரம் எங்கே இறங்குகிறது, ஸ்டீயரிங் எந்த வழியாகப் போகிறது என்று யோசித்து அன்றைய தூக்கம் போயிற்று.

அந்த இடைவெளியின் மதிப்பு 2008ல் வந்த அடுத்த படத்தில்தான் முழுதாகத் தெரிந்தது. ஜோக்கர் கும்பல் விட்ட ராக்கெட்டைத் தன் மேல் வாங்கி டம்ப்ளர் செத்துப்போகிறது. உடனே அதன் முன் சக்கரங்களே பேட்பாட் என்ற பேட்மேன் பைக்கின் இரண்டு சக்கரங்களாகி, பைக்காக வெளியே வருகின்றன. நடுவில் ஒரு அச்சு குறுக்கே கிடந்திருந்தால் இதை நான் நம்பியிருக்க மாட்டேன். தனித்தனியாக நின்ற சக்கரங்கள் தனியாகக் கழன்று போவதை என் தொழில் மூளை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது.

2016ல் பேட்ரிக் டாடோபோலஸ் வடிவமைத்த கார், டம்ப்ளரின் தடிப்பையும் பழைய கார்களின் நீளத்தையும் கலந்து பார்த்தது. முரடாக இருக்கிறது, மனதில் ஒட்டவில்லை.

இன்றைக்கு எனக்குப் பிடித்தது 2022 கார். மேட் ரீவ்ஸ் படத்து ப்ரூஸ் வெய்ன் பேட்மேனாகி இரண்டாவது வருடத்தில் இருக்கிறான். காரும் அந்த வயதுக்காரன் கட்டியது மாதிரியே இருக்கிறது. அடிப்படையில் பழைய அமெரிக்க மஸில் கார், அதாவது பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார். உள்ளே மெத்தை ஜோடனை இல்லை, வண்டி கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் ரோல் கேஜ் குழாய்கள் அப்படியே தெரிகின்றன. முன்னால் இடித்துத் தள்ளுவதற்கென்றே கனத்த இரும்பு. பின்னால் மூடியே இல்லாமல் எஞ்சின். கேஸ் கட்டிங் செட்டும் வெல்டிங் மெஷினும் பிடிவாதமும் இருந்தால் ஒரு ஆள் தனியாகக் கட்டிவிடலாம் என்று தோன்றும். மற்ற எந்த பேட்மேன் காரைப் பார்த்தும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

துரத்தல் காட்சியில் லாரிகள் கவிழ்ந்து தீப்பிடிக்க, பிடித்துவிட்டேன் என்று வில்லன் பெங்குவின் சிரிக்கும்போது நெருப்பைக் கிழித்துக்கொண்டு அந்த முன்பக்கம் வருமே, அங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தரையை விட்டு எழும்பிய வண்டியின் முன் சக்கரங்கள் எப்படித் தொங்குகின்றன என்று கவனியுங்கள். பாரம் உள்ள நிஜ வண்டிக்குத்தான் அப்படித் தொங்கும்.