பரீட்சை வைத்த துரையும் அயர்லாந்துப் பஞ்சமும்

சார்லஸ் ட்ரெவெல்யன் என்ற பெயர் எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் அநேகமாக யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் இன்று வி.ஏ.ஓ. நாற்காலியில் உட்கார்ந்திருக்க அப்பாவின் உழைப்பு, இட ஒதுக்கீடு, நல்ல வாத்தியார்கள் என்று பல காரணங்கள் உண்டு. அந்த வரிசையின் தூரத்துக் கோடியில் இந்த ஆங்கிலேயரும் நிற்கிறார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மறந்துவிட்டுப் போகவும் முடியவில்லை.

அப்பா போச்சம்பள்ளிப் பக்கத்தில் மாந்தோப்புக் கூலி. அவர் சின்னப் பையனாக இருந்தபோது கர்ணம் வேலை ஒரே வீட்டில்தான் இருந்தது. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். சிட்டா, அடங்கல் எல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும். ஒரு கையெழுத்துக்காக எங்கள் ஆட்கள் வாசலுக்கு வெளியே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்து நிற்பார்கள். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. பிறகு அந்த வேலைக்குத் தேர்வு வந்தது. அதை எழுதித்தான் நான் உள்ளே வந்தேன்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதே கதைதான். பெரிய மனிதர் ஒருவர் சிபாரிசு செய்தால் அவர் பிள்ளைக்கு அரசு வேலை. இதை மாற்றச் சொல்லி ட்ரெவெல்யனும் ஸ்டாஃபோர்ட் நார்த்கோட் என்பவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1854இல் வெளிவந்தது. போட்டித் தேர்வு வையுங்கள், பதவி உயர்வை வேலையைப் பார்த்துக் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1855இல் அங்கே சிவில் சர்வீஸ் கமிஷன் அமைந்தது. அதே ஆண்டில் இந்திய சிவில் சர்வீஸுக்கும் லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. அதற்கு வழிவகுத்த குழுவின் தலைவர் ட்ரெவெல்யனின் மைத்துனர் மெக்காலே. நம் மாகாணத்தில் மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் 1929இல் வந்தது. இன்றைய டி.என்.பி.எஸ்.சி.க்கு அதுதான் தாய். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் குரூப் 4 படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுகளெல்லாம் மனப்பாடம்.

ஆனால் ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நானும் தேடித் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1807இல் பிறந்தவர். பாதிரியார் மகன். பத்தொன்பது வயதில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு இந்தியா வந்து டெல்லியில் அமர்ந்தார். அங்கே ரெசிடெண்டாக, அதாவது கம்பெனியின் தலைமைப் பிரதிநிதியாக இருந்த சர் எட்வர்ட் கோல்புரூக் இவருக்கு மேலதிகாரி, செல்வாக்குள்ள மூத்தவர். அவர் லஞ்சம் வாங்குகிறார் என்று 1829இல் இந்த இளைஞர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். விசாரணை நடந்தது, கோல்புரூக் பதவி இழந்தார். அப்போது ட்ரெவெல்யனுக்கு வயது இருபத்திரண்டு. ஒரு தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே இருப்பவரைப் பற்றி ஒரு வரி எழுத்தில் கொடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று. அந்த இடத்தில் அவரை நான் மனதார வணங்குகிறேன்.

இனி, அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்த அயர்லாந்து. 1840இல் அவர் லண்டனில் கருவூலத் துறையின் உதவிச் செயலர் ஆனார். பெயரில்தான் உதவி, உண்மையில் அந்தத் துறையின் நிரந்தர அதிகாரிகளில் தலையாயவர். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு கருகியது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் உருளை போட்டவர்களுக்குப் பின் கருகல் நோய் தெரியும். இலையில் புள்ளி விழுந்து சில நாளில் தோட்டமே அழுகி நாறும். அங்கே ஏழைகளுக்கு மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான். முதல் வருடம் பிரதமர் பீல் அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மக்காச்சோளம் வாங்கி இறக்கினார். 1846 கோடையில் ஆட்சி மாறியது. சோளக் கிடங்குகளை மூடும் வேலையை ட்ரெவெல்யன் முடுக்கிவிட்டார். அரசு கையை நீட்டினால் தானிய வியாபாரம் கெட்டுவிடும், ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அந்த ஆண்டு கிழங்கு முதல் ஆண்டைவிட மோசமாக அழிந்தது.

ரோடு போடும் நிவாரண வேலை தொடங்கினார்கள். 1847 மார்ச்சில் ஏழு லட்சம் பேருக்கு மேல் அதில் கல் உடைத்தார்கள், பசியோடு, கடுங்குளிரில். கூலி குறைவு, அதுவும் தாமதம். பிறகு கஞ்சித் தொட்டி வைத்தார்கள். அது வேலை செய்தது. 1847 ஜூலையில் ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேர் சாப்பிட்டார்கள். இலையுதிர் காலத்துக்குள் அதையும் மூடினார்கள். இனி அயர்லாந்தின் ஏழைகளை அயர்லாந்தின் வரியே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு. 1848 தொடக்கத்தில் பஞ்சத்தைப் பற்றி ட்ரெவெல்யன் நீண்ட கட்டுரை எழுதினார், அது முடிந்துபோன விஷயம் என்பதுபோல. எல்லாம் தெய்வ சித்தம் என்று அதில் பேசுகிறார். அதே ஆண்டு அவருக்கு சர் பட்டம். அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. மொத்தம் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள்.

அத்தனை பழியும் ஒருவர் தலையில் விழாது. மேலே அமைச்சர்கள் இருந்தார்கள், நாடாளுமன்றம் இருந்தது. 1847 ஏழைகள் நிவாரணச் சட்டத்தில் கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்ற பிரிவைச் சேர்த்தது வில்லியம் கிரிகரி என்ற எம்.பி. பின்னாளில் அவர் இலங்கைக்கு ஆளுநராகப் போனார். அந்தப் பிரிவைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சி வேண்டுமா, நிலத்தை விட்டுக்கொடு என்கிறது. பட்டா என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன என்று தினமும் பார்க்கிறவள் நான்.

எங்கள் வேலையிலும் ஒரு கோடு உண்டு. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடுபொருள் மானியம். கேழ்வரகும் நிலக்கடலையும் காய்ந்து நிற்கிற வருடத்தில் வேளாண் உதவி அலுவலரும் நானும் சேர்ந்துதான் கணக்கெடுப்போம். ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் ஒரு அளவு தெரியும். வரப்பில் இறங்கி, செடியைப் பிடுங்கி, காயை உடைத்துப் பார்த்தால் வேறு அளவு தெரியும். விதியை நான் மாற்ற முடியாது. இறங்கிப் பார்ப்பது என் கையில் இருக்கிறது. ட்ரெவெல்யன் சோம்பேறி இல்லை, கைசுத்தம் இல்லாதவரும் இல்லை. ராத்திரி பகலாக உழைத்தவர். பெரும்பாலும் லண்டன் மேசையிலிருந்து கடிதங்களாலேயே ஒரு பஞ்சத்தை நடத்தினார். வந்த கடிதங்களில் பசி எழுதியிருந்தது. அதைவிடத் தன் கொள்கையை அதிகம் நம்பினார்.

இதே ஆள் 1859இல் மெட்ராஸ் கவர்னராக வந்தார். இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜனங்களுக்கென்று பீப்பிள்ஸ் பார்க் அமைத்தார். 1860இல் கல்கத்தாவில் வைஸ்ராய் சபையின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் வருமான வரி கொண்டுவந்தார்: ஆண்டுக்கு 200 ரூபாய் வருமானத்திலிருந்து 2 சதவீதம், 500க்கு மேல் 4 சதவீதம். இந்த ஜனங்கள் மேல் இந்த வரி வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்று ட்ரெவெல்யன் எதிர்த்தார். கோப்பில் எழுதியதோடு நிற்காமல் தன் குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. டெல்லியில் மேலதிகாரியை எதிர்த்த அதே நெஞ்சு. அப்படியானால் எதிர்க்கத் தெரியாதவர் இல்லை அவர். அயர்லாந்தில் எதிர்க்க வேண்டும் என்றே தோன்றாமல் போனதுதான் என்னை உலுக்குகிறது. சில வருடம் கழித்து அவரே நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865இல் அந்த வரி முடிவுக்கு வந்தது.

நம் பகுதி அப்போது சேலம் ஜில்லா. அந்த வரி போய்ப் பதினோரு வருடத்தில் இங்கேயே தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலை செய்கிற ஆம்பளைக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்று மண் வெட்ட முடியாது என்று மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் விடாமல் எழுதினார். சில மாதத்தில் கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று. எங்கள் பாட்டி அவள் பாட்டி சொல்லக் கேட்டதாக, தாது வருஷத்தில் கத்தாழைக் கிழங்கை வேகவைத்துத் தின்ற கதை சொல்வாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் 1854 அறிக்கை வருகிறது. பரீட்சையில் ஆண்டைத்தான் கேட்பார்கள்; அதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மீதி நேரத்துக்கு அயர்லாந்தையும் கார்னிஷையும் எடுத்துப் போகிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலராவது வி.ஏ.ஓ.வாக ஏதோ ஒரு வறட்சி வருடத்தில் சேதப் பட்டியலோடு வரப்பில் நிற்கப் போகிறார்கள்.