மனைப்பொருளியல் என்றால் கேக் அடிப்பதா?

சாதாரண தரத்துக்குத் தொழினுட்பப் பாடம் தெரிவு செய்யும் நேரம் வந்தால், கொழும்பில் பல வீடுகளில் மனைப்பொருளியல் முதலில் கழிபடும். "கேக் அடிக்கப் பழக்குவார்கள், பெண்பிள்ளைகளுக்குச் சரி." கம்ப்யூட்டர் படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். பிழைப்பில் தவணைக் காசு கட்டுவதும் சேர்த்திதானே!

வள முகாமைத்துவம் (கையிலுள்ள காசையும் பொருளையும் அளவறிந்து பயன்படுத்துவது) என்று இந்தப் பாடப் புத்தகத்தில் கனமாக எழுதியிருப்பதை காலி வீதியில் ஒரு கடைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். பிரிஜ் 60,000 ரூபாய். "மாதம் ஒன்றரை வீதம்தான், 12 தவணை." மாதம் 900 வட்டி, வருடத்துக்கு 10,800. மொத்தம் 70,800, தவணை 5,900. 18 வீத வட்டி போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தவணையிலும் கடன் தொகையில் 5,000 கழிகிறது. கடைசி மாதம் மிஞ்சியிருக்கும் கடன் வெறும் 5,000. அதற்கும் அதே 900! அந்த ஒரு மாதத்துக்கே 18 வீதம். குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 31 வீதத்தைத் தாண்டும். கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வட்டி முழுத் தொகைக்கா, குறையும் மீதிக்கா?

சமையலுக்கும் வருவோம். பருப்பும் வல்லாரைச் சம்பலும் செய்யத் தெரியாத வீடு இங்கே குறைவு. மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் இலேசில் உறிஞ்சாது, விற்றமின் சி கூட இருந்தால் நன்றாக உறிஞ்சும் என்பதுதான் வகுப்பில் தெரியவரும். சம்பலுக்குத் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டுமல்ல. பருப்புக்குப் பிழிவதானால் இறக்கி ஆறவிட்டுப் பிழிய வேண்டும். கொதிக்கும்போது விட்டால் சூட்டில் விற்றமின் சியில் ஒரு பகுதி சிதைந்துவிடும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது நம்மவர் பழக்கம். தேயிலையில் உள்ள டனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம்.

ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்கிறீர்களா? 12.5 கிலோ சிலிண்டரை மாற்றுவது பெரும்பாலும் அவன்தான். ரெகுலேட்டரைப் பூட்டியதும் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்; நெருப்புக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடப் பாரம், தரையோடு தேங்கும். அதனால் மேல் ஜன்னலைத் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். மணம் வந்தால் ஃபேன் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் பொறி பறக்கலாம்.

வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதினால் இதில் ஒன்றும் கைக்கு வராது. பாடத்தின் பெயர் கெட்டதில் செய்முறை இல்லாத வகுப்புகளுக்கும் பங்குண்டு. கேஸ் அடுப்பைக் கரும்பலகையில் கீறிக் காட்டுவதை விட, ஒரு பழைய ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் மேசையில் வைத்து, குழாய் வெடித்திருக்கிறதா என்று பிள்ளைகளின் விரலாலேயே தடவிப் பார்க்க விடலாம்.