மாமா படிக்காத கடைசிப் பகுதி

போன மாதம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, காலை ஆறரைக்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தை விட்டுக் கிளம்பினேன். என்-3 சாலையில் எண்பது கிலோமீட்டர் போனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். அங்கே பெஸ்ஸி ஹெட் நூலகத்தில் 1953ஆம் வருடத்து 'ட்ரம்' என்ற, கறுப்பர்களுக்கான ஜோஹன்னஸ்பர்க் பத்திரிகையில் சில பக்கங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாம் என் மாமனாருக்காக.

மாமா 1940இல் டர்பன் மேகஸின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சியில் வேலை பார்த்த நம்மவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த குடியிருப்பு அது. 1960களில் அதைக் காலி செய்து, இருந்தவர்களை எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். பாரக்ஸில் ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே ஒரு 'ட்ரம்' வருமாம். க்ரே ஸ்ட்ரீட்டில் வாங்கிய அண்ணன் படித்து, அவர் கூட்டாளிகள் படித்து, பிறகுதான் பதின்மூன்று வயதுப் பையன் கைக்கு வரும். அதற்குள் பின்பக்கங்கள் போயிருக்கும். "'ஹாட் டயமண்ட்ஸ்' முடிவு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதும்மா" என்றார். எழுபது வருடம் ஒருவர் மனதில் ஒரு கதை முடியாமலே கிடந்திருக்கிறது. அதைக் கேட்ட பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

அந்தத் தொடரை எழுதியவர் ஆர்தர் மைமானே. 1932இல் பிரிட்டோரியா பக்கத்தில் பிறந்தவர், 'ட்ரம்' நிருபர். செய்திகளைச் சொந்தப் பெயரில் எழுதினார், துப்பறியும் கதைகளுக்கு ஆர்தர் மொகாலே என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். 1953-54இல் 'க்ரைம் ஃபார் சேல்', 'ஹாட் டயமண்ட்ஸ்', 'யு காண்ட் பை மீ' என்று மூன்று தொடர்கள் வந்தன. நாயகன் ஓ. செஸ்டர் மொரேனா, ஊருக்கு 'சீஃப்'. தன் கதையைத் தானே சொல்லும் தனியார் துப்பறிவாளன். சின்னச் சின்ன வாக்கியம், அமெரிக்கக் கொச்சை, வாயில் எப்போதும் ஒரு பதில்.

இந்த நடைக்கு அமெரிக்காவில் வழி போட்டவர்களில் ஒருவர் டாஷியல் ஹாமெட். பிங்கர்ட்டன் கம்பெனியில் நிஜமாகவே துப்பறிவாளராக இருந்தவர். பேரே சொல்லாத அவருடைய துப்பறிவாளன் 'ப்ளாக் மாஸ்க்' பத்திரிகையில் முதலில் வந்தது 1923 அக்டோபரில். அவரும் அந்தக் கதைக்கு பீட்டர் காலின்சன் என்று புனைபெயர்தான் வைத்தார். முப்பது வருடம் கழித்து அந்த ஆள் ஜோஹன்னஸ்பர்க்கில் கறுப்பராக நடக்கிறார். அதைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. 1952இல்தான் பதினாறு வயது தாண்டிய கறுப்பர்கள் பாஸ் புத்தகத்தோடு, அதாவது எங்கே இருக்கலாம், வேலை செய்யலாம் என்று அனுமதி எழுதிய அடையாளப் புத்தகத்தோடு, அலைய வேண்டும் என்று சட்டம் வந்தது. தெருவில் எந்தப் போலீஸ்காரனும் நிறுத்திக் கேட்கலாம். அப்படிப்பட்ட ஊரில், கேள்வி கேட்கும் இடத்தில் ஒரு கறுப்பரை நிறுத்திவிட்டார் இருபது வயதை ஒட்டிய இளைஞர்.

சரி, தேடிய கதைக்கு வருகிறேன். முதலில் வேறொரு நூலகத்துக்குத்தான் போனேன். பட்டியலில் இருந்தது, பெட்டியும் வந்தது, கட்டைத் திறந்தால் எனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் பக்கங்கள் இல்லை. தையலை ஒட்டி அரை விரல் அகலத்துக்கு ஒரு ஓரம் நிற்கிறது. அதில் ஒவ்வொரு வரிக்கும் முதல் இரண்டு எழுத்து மட்டும் மேலிருந்து கீழாகத் தெரிகிறது. ஸ்கேல் வைத்து, பிளேடால் ஒரே நேராக, பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா நினைவு வந்தது. திருநெல்வேலியில் என் அம்மா குமுதத்திலும் விகடனிலும் வந்த தொடர்கதைகளை இதே மாதிரிதான் வாராவாரம் எடுத்து வைப்பாள். முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு, மேலே தலைப்பை எழுதுவாள். தெருவில் பாதிப் பேர் வாங்கிப் படித்த புத்தகங்கள் அவை. டர்பனிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ எவரோ 'சீஃபை' அப்படித் தைத்து வைத்திருக்கலாம். நூலகப் பிரதியில் கை வைத்தது தப்புதான். ஆனாலும் அன்றைக்கு இருந்த கோபம் இப்போது இல்லை.

மாரிட்ஸ்பர்க் நூலகத்தை நான் நம்பியதற்குக் காரணம், நாட்டில் அச்சாகும் எல்லாவற்றிலும் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேரும் சில இடங்களில் அது ஒன்று. அப்புறம் அந்தப் பெயர். எழுத்தாளர் பெஸ்ஸி ஹெட் அந்த ஊரில் பிறந்தவர், 'ட்ரம்'மின் சகோதரப் பத்திரிகையான 'கோல்டன் சிட்டி போஸ்ட்'டில் வேலை பார்த்தவர். பேனாவைப் பையில் போடச் சொல்லி பென்சில் கொடுத்தார்கள். கனமான கட்டு. தாள் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது, பின் அடித்த இடத்தில் துருக் கறை. பக்கங்கள் முழுசாக இருந்தன.

எடுத்தவுடன் கதைக்குப் போக மனம் வரவில்லை. தோலை வெளுப்பாக்கும் க்ரீமுக்கு விளம்பரம், தபால்வழிப் படிப்புக்கு விளம்பரம், நடுவில் 'சீஃப்'. அந்த வருடங்களின் 'ட்ரம்'மில் கற்பனைத் துப்பறிவாளனுக்குப் பக்கத்திலேயே ஒரு நிஜத் துப்பறிவாளரும் இருந்தார். 'ட்ரம்' நிருபர் ஹென்றி நுமாலோ 1952இல் பெத்தல் உருளைக்கிழங்குப் பண்ணைகளில் கூலிகள் படும் பாட்டை வெளியே கொண்டுவந்தார், 1954இல் தானே ஜெயிலுக்குள் போய் வந்து எழுதினார். 1956 முடிந்து 1957 பிறக்கும் சமயத்தில் அவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நூல் தொகுப்பில் கதையை மட்டும் படிக்கிறவர்களுக்கு இந்த அக்கம்பக்கம் கிடைக்காது. பழைய இதழைத் தேடிப் போய்ப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மைமானே 1958இல் நாட்டைவிட்டு கானா போய், பிறகு லண்டனில் செய்தித் துறையில் இருந்தார். 1976இல் வந்த அவர் நாவல் 'விக்டிம்ஸ்' இங்கே தடை. 2000இல்தான் 'ஹேட் நோ மோர்' என்ற பெயரில் இங்கே கையில் கிடைத்தது. 2005இல் இறந்தார்.

ஃப்ளாஷ் போடாமல் போனில் படமெடுக்க விட்டார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் மாமா பக்கத்தில் உட்கார்ந்து பெரிதாக்கிப் படித்தேன். அவருக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு இடத்தில் "திரும்பப் படி" என்றார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த புக்கு இன்னும் அங்க இருக்குதா?"

"இருக்கு மாமா."

"ஒரு நாள் என்னைக் கூட்டிப் போ. கையில தொட்டுப் பாக்கணும்."

வரும் வியாழன் போகிறோம்.