இரண்டையும் எழுது

விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்று மலரைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தபோது சிக்கல் எதையும் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தது, சாட்டையடிக்கும் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிராகப் பண்ணையாட்கள் திரண்டது, 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது, அந்த வழக்கில் 1973இல் மிராசுதார்களை (பெருநிலக்காரர்களை) உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவற்றை எழுதும்போது கை எங்கும் நிற்கவில்லை.

நின்றது திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் சொன்ன இடத்தில். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியிருந்த ஒரு வருடம், அவர் விடியுமுன் மிராசுதார் வயலில் இறங்கி அறுத்திருக்கிறார்.

"பிள்ளைக்குக் கஞ்சி இல்லை, தம்பி. சங்கத்தில் அபராதம் போட்டார்கள், கட்டினேன். பிறகு ஊர்வலத்தில் கொடியும் பிடித்தேன். இரண்டையும் எழுது. என் பெயரையும் போடு."

மூத்த தோழர் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பித் தந்தார். "கொடி பிடித்ததைப் போடுங்கள், போதும். வெண்மணித் தகராறிலேயே வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தது ஒரு காரணம். நம் மலரில் நாமே இதைப் போடுவதா?"

போடவில்லை. அவர் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. ஒரு வீட்டில் அரிவாளை எடுத்தால் தெருவே எடுத்துவிடும் என்ற பயத்தில்தான் அன்று ஒவ்வொரு நிறுத்தமும் நடந்தது. கட்டுப்பாடு இல்லாமல் சங்கம் ஏது? மலர் என்பது சங்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அதில் எதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் உரிமை அதற்கு உண்டு. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்று அதே மலரில் எழுதியிருக்கிறேன். இன்று படிக்கிற பிள்ளைக்கு அரைப்படி என்றால் என்ன? அதற்காகவா இத்தனை என்றுதான் தோன்றும். அந்த அளவின் கனத்தைச் சொல்ல என் கையில் இருந்தது பாட்டியின் அந்த விடியற்காலை ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு, "வறுமையில் வாடினர்" என்று ஒரு வரி வைத்தேன். எந்த மலரிலும் இருக்கும் வரி.

மறுபதிப்பில் பார்க்கலாம் என்று தோழர் சொல்லியிருக்கிறார். தட்டிக்கழிக்கிறாரோ என்னவோ. அந்தப் பக்கத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பெயரோடு போடுவதா என்பதில் மட்டும் எனக்கே உறுதியில்லை. பாட்டி போடச் சொன்னார், உண்மை. அவருடைய பேரன் இப்போது அதே ஊரில் சங்கத்தின் கிளைச் செயலாளர்; அவரை யாரும் கேட்கவில்லை.