படகுத்துறையில்தான் பேச்சு வரும்

மலேசியாவின் பாகான் டத்தோவில் தென்னந்தோட்டமும் செம்பனைத் தோட்டமும் முடிகிற இடத்தில் பேராக் ஆறு கடலில் சேர்கிறது. மாலை ஷிப்ட் முடிந்ததும் எங்கள் செம்பனை எண்ணெய் ஆலைப் பையன்கள் பலர் தூண்டிலோடு ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, கிளம்பிவிடுவார்கள். பராமரிப்புப் பிரிவில் இருக்கும் நானும் கூடப் போவேன். அந்த ராத்திரிகளை என் வேலையின் ஒரு பகுதியாகத்தான் நினைக்கிறேன்.

நாள் பார்த்துத்தான் போவோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும். ஈயக்குண்டு அடியில் நிற்காது. வீட்டில் அஷ்டமி என்றால் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். எங்களுக்கு வளர்பிறை அஷ்டமிதான் தோது. ஓட்டம் நிதானமாக இருக்கும், நள்ளிரவு வாக்கில் நிலாவும் இறங்கிவிடும். அப்புறம் டார்ச்சை நீருக்கு மேல் சாய்த்துப் பிடித்தால், ஜெட்டிக் கால்களின் ஓரத்தில் இறாலின் கண்கள் செந்நிறமாக மின்னும். இறால் பின்பக்கமாகத்தான் துள்ளும். அதனால் கைவலையை அதன் வாலுக்குப் பின்னால் இறக்கி, முன்னால் ஒரு குச்சியை நீட்டினால் போதும், தானே வலைக்குள் வந்து விழும்.

கொடுவா பிடிக்க உயிர் இறால்தான் இரை. தலையில் இருக்கும் கொம்புக்குக் கீழே, உள்ளே கறுப்பாகத் தெரியும் இடத்தைத் தொடாமல் ஊசியை ஏற்ற வேண்டும். தொட்டால் இறால் செத்துவிடும். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவன் ஸ்டெரிலைசர் என்ற, பழம் வேகவைக்கும் உருளையின் கதவில் நிற்கும் தம்பி ஒருவன். ஆலையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டான்.

அப்படி ஒரு ராத்திரி, நீரைப் பார்த்தபடியே அவன் சொன்னான்: “அண்ணே, ரெண்டாம் நம்பர் கதவுல, அடிப்பக்கம் ஆவி சீறுது. கொஞ்ச நாளாவே இருக்கு.”

ஷிப்டில் சொன்னாயா என்று கேட்டேன். பழைய கதவு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு மேல் அவன் வாய் திறக்கவில்லை. நானும் தோண்டவில்லை.

பழக்குலையை வேகவைக்கும் அந்த உருளைக்குள் ஆவி 3 பார் அழுத்தத்தில், 140 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கதவருகே நிற்பவனுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது கதவும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமும்தான். பழம் குவியும் காலத்தில் ஆலையை நிறுத்த யாருக்கும் மனம் வராது என்பதும் எனக்குத் தெரியும். வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், தரம் குறையும். அந்த அவசரம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஒரு பையனின் கையும் முகமும் விலையாகக் கூடாது.

மறுநாள் காலை அந்த ஸ்டெரிலைசரை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கதவைத் திறந்து பார்த்தபோது வளையம் இறுகிப்போய், அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. புதிது மாட்டி முடிக்க மதியமாகிவிட்டது. யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்டார்கள். சோதனையில் கண்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் “எல்லாம் சரியா இருக்கு” என்பார்கள். எதிரில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி அவர்களுக்கு விசாரணை மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் தூண்டில் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தால், தேவையானது தானாக வரும். இப்போது புதிதாக ஒரு பையன் சேர்ந்தால், அவனுக்கு ஒரு கைவலை கொடுத்து ஜெட்டிக்கு அழைத்துப் போகிறேன். போன மாதம் வந்தவன் இன்னும் இறாலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறான். பேசட்டும்.